மூன்றாவது மூச்சு

அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். கடைக்கு வந்து இறங்கும் கண்ணாடிப் பலகை ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், "இது வேணாம், உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போ" என்பாள். கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாது. கொண்டுவந்தவன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். சரி, தொலையட்டும் என்று வைத்துக்கொண்டு அறுத்தால் அவள் தட்டிய இடத்திலேயே கோணல்மாணலாகப் பிளந்துகொள்ளும். அந்தக் காது தன்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். இருந்துவிட்டுப் போகட்டுமே. மற்றபடி கர்வப்பட்டுக்கொள்ள அவள் வாழ்க்கையில் பெரிதாக என்ன இருந்தது?

கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் அறுக்கும் மேஜை, சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிகள், எத்தனை பெருக்கினாலும் தீராத தூள். பின்பக்கம் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வண்டி நிற்கிற அளவுக்குச் சின்ன முற்றம். அவள் அளந்து அறுத்து விளிம்பு தேய்ப்பாள். அவர் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவார். ஒரே மகள். படித்து முடித்தாள், வேலை கிடைத்தது, வெளியூருக்குப் போய்விட்டாள்.

பழைய வண்டி கியருக்குக் கியர் ஓர் உதை உதைக்கும். அவள் நாள் முழுக்கத் தேய்த்த கண்ணாடி, போய்ச் சேர்வதற்குள் இரண்டாகியிருக்கும். அதனால்தான் தலையால் தண்ணீர் குடித்து ஒரு ஹைப்ரிட் பிக்கப் வாங்கினார்கள். அது கிளம்பும்போது இன்ஜினே ஓடாது. உள்ளே இருக்கிற மின்மோட்டார் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு போகும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் இன்ஜின் தானாக விழித்துச் சேர்ந்துகொள்ளும். சிக்னலில் நின்றால் மறுபடி அணைந்துவிடும். கண்ணாடிகள் பின்னால் கிண் என்றுகூடச் சொல்லாது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குளிர்ந்த தலை சும்மா இருக்குமா? ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். இன்ஜினுக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கிற கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் முனையில் கூம்பு மாதிரி ஒரு சிவப்புத் துணி ஃபில்டர் போட்டிருந்தார். மாட்டிக்கொடுத்தது அவருடைய கூட்டாளி மெக்கானிக். அவன் அவரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். அண்ணன் என்ன கேட்டாலும் மாட்டிக்கொடுப்பான். பெடலை மிதித்தால் அந்தக் குழாய் காற்றை ஒரே இழுப்பாக இழுக்கும். ஹா... என்று அடிவயிற்றிலிருந்து ஒரு ஆள் மூச்சை இழுப்பது போலவே இருக்கும்.

"சத்தமே இல்லாத வண்டின்னு காசைக் கொட்டி வாங்கினது யாரு? இப்ப அதுக்கு வாய் வெச்சுக்கிட்டு வந்து நிக்கிறது யாரு?" என்றாள் அவள்.

"வண்டி வர்றதே தெரியாம ஜனங்க குறுக்க வர்றாங்க. மூச்சு விடுற சத்தமாவது கேக்கட்டுமே."

மோட்டாரில் ஓடும்போது எந்தக் குழாய்க்கும் வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆசை, வேறென்ன. ஆண்பிள்ளைகளுக்கு ஐம்பது வயதிலும் இப்படி ஒன்று கிளம்பும்.

பிறகு அந்தச் சத்தமே வீட்டு வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து வந்து, சமையலறை ஜன்னலுக்கு நேராக வண்டியின் மூக்கை வைத்து நிறுத்துவார். அணைப்பதற்கு முன் பெடலை ஒரு தடவை மிதிப்பார். ஹா... வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவள் கையில் இருக்கிற கரண்டியால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தெரிந்தது, டீ ஆகிறது என்று அர்த்தம். உள்ளே வந்து, "உத்தரவு கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டே கை கழுவுவார். தினமும் அதே வார்த்தைதான். ஒரு நாள்கூட அவருக்கு அலுத்ததில்லை, அவளுக்கும்தான்.

அந்த ஃபில்டரைத் துவைத்து எண்ணெய் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. துணி என்று ஆகிவிட்டால் துவைக்கிறவள் அவள்தானே. வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, அதற்கென்று இருக்கிற எண்ணெயைப் பூசுவாள். மடிப்புக்கு ஒரு கோடு போதும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். அவளுக்கு எதையும் கஞ்சத்தனமாகச் செய்து பழக்கமில்லை. சொட்டச் சொட்டப் பூசுவாள்.

அன்றைக்கும் காலையில் அப்படித்தான் பூசிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு போனார். வெயில் சாயும் நேரத்துக்குத் திரும்பிவிட்டார். வண்டி நின்றது. ஹா... என்று இழுத்தது. அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். ஆள் உள்ளே வரவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு போன் பேசுகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள், அதுவும் அவர் வழக்கம்தான். டீ ஆறியது. மறுபடி ஹா... என்றது. சிரித்துவிட்டாள். "போதும் போதும், கேட்டுச்சு!" என்று சொல்லி மறுபடி இரண்டு தட்டுத் தட்டினாள். இன்ஜின் நின்றது. அப்போதும் வரவில்லை. மூன்றாவது தடவை அந்த மூச்சு வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் துணி, ஒரு கையில் பாத்திரம். எரிச்சல் தலைக்கேறி, அடுப்படியில் நின்றபடியே கத்தினாள். "வந்தா வா, இல்லன்னா அங்கேயே கிட!"

இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்பைத் துடைத்து முடித்த பிறகும் ஓடியது. அதற்கு மேல் தாங்காமல் போய்க் கதவைத் திறந்தாள். ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. அவர் தலையைக் கண்ணாடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கை மடியில் இருந்தது. முகமும் குளிர்ந்திருந்தது.

மாரடைப்பு, உட்கார்ந்தவாக்கில் நொடியில் போயிருக்கும் என்றார் டாக்டர். எந்த நொடி என்று அவருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், படுக்கையில் கிடக்காமல் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போனாரே, கொடுத்து வைத்தவர் என்றார்கள். அவள் தலையாட்டினாள். கிட என்று தான் சொன்னதையும் அவர் கிடந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மூன்று மூச்சில் எது அவர் கால், எது வண்டி தானாக விட்டது? நின்ற வண்டியில் ஏசி ஓடினால் பேட்டரி இறங்கும், இறங்கினால் இன்ஜின் தானாகவே கிளம்பும், ஏறியதும் நிற்கும். அது அவளுக்குத் தெரியும். முதல் மூச்சு அவருடையதாக இருக்க வேண்டும், இரண்டாவதும் அவருடையதாக இருக்க வேண்டும், அவள் சிரித்ததைக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது மட்டும் வண்டியாக இருந்துவிட வேண்டும். இந்த ஒரு கணக்கைத்தான் அவள் கண்ணாடி அறுக்கும்போதும் சாப்பிடும்போதும் போட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் வந்து தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள். "வண்டியை வித்துடும்மா, அதை என்னால பாக்க முடியல" என்றாள். இவள் கேட்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டாள். அறுப்பதும் அவளே, ஏற்றுவதற்கு ஓர் ஆள் பிடித்துக்கொண்டு போய் மாட்டுவதும் அவளே என்றானது. ஏசியை மட்டும் அதற்குப் பிறகு தொட்டதில்லை. என்ன வெயிலானாலும் ஜன்னல்களை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினாள்.

ஓட்டத் தொடங்கிய பிறகுதான் வேறொன்று அவளுக்குப் புலப்பட்டது. தண்டவாளத்துக்கு முன்னால் ஒரு ஏற்றம் உண்டு. அங்கே போனதும், அவள் காலை எடுக்காமல் இருக்கும்போதே, வண்டி ஒரு கணம் தயங்கும். கியரை மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொள்ளும். அங்கே அவர் எப்போதும் காலை எடுத்து இரண்டு பக்கமும் பார்ப்பார், பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். தயங்கிவிட்டு வண்டி ஹா... என்று மூச்சிழுத்து ஏறும். முதல் தடவை அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னாலிருந்த ஆள், "என்னக்கா, யாராவது குறுக்க வந்தாங்களா?" என்றான். "ஒண்ணுமில்ல, நீ கண்ணாடியைப் பிடி" என்றாள்.

மெக்கானிக்கிடம் கேட்டபோது அவன் அசந்துபோகவில்லை.

"இந்தக் கியர்பாக்ஸ் ஓட்டுறவங்க காலைப் படிச்சுக்கும் அண்ணி. எங்க மிதிக்கிறாங்க, எங்க விடுறாங்கன்னு ஞாபகம் வெச்சு அதுக்கேத்த மாதிரி மாத்தும். அண்ணன் கால் அதுல ஏறியிருக்கு. நீங்க ஓட்ட ஓட்ட மாறிடும்."

"ஒரு வருஷத்துக்கு மேல நான்தானே ஓட்டுறேன்? இன்னும் மாறலையே."

அவன் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டான். "அப்ப நீங்களும் அவரை மாதிரியே ஓட்டுறீங்களோ என்னவோ."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடி உடையத் தொடங்கியதும்தான் விஷயம் முற்றியது. இன்ஜின் வந்து மோட்டாரோடு சேரும்போது பழைய வண்டி மாதிரியே உதைக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் இரண்டு முகக்கண்ணாடி, ஒரு கடைவாசல் கண்ணாடி எல்லாம் தூள். பிழைப்புக்கே உலை. மெக்கானிக் குழாயைப் பிரித்து உள்ளே விரலை விட்டான், எண்ணெய்ப் பிசுக்கோடு எடுத்தான்.

"எவ்வளவு எண்ணெய் போடுறீங்க அண்ணி?"

"துணி குடிக்கிற அளவுக்கு."

"அது குடிக்கல, சென்சார்தான் குடிக்குது. எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு பாத்து சொல்ற சென்சார் இது. எண்ணெய் படிஞ்சு பொய் சொல்லுது. அதை நம்பி இன்ஜின் தானா ஏறுது, இறங்குது, கியரும் தப்பான நேரத்துல விழுது. இந்தக் குழாயே வேணாம். கம்பெனிப் பெட்டி என்கிட்டதான் பத்திரமா இருக்கு, அதையே மாட்டிடறேன். கியர் ஞாபகத்தையும் அழிச்சிடலாம். வண்டி பழையபடி பூ மாதிரி போகும்."

"தானா ஏறுமா?" அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்திருந்தது. "நிக்கும்போதும் யாரும் மிதிக்காம ஏறுமா?"

"ஏறலாம்."

குழாயைக் கழற்றிவிட்டால் அந்த மூச்சு அதோடு போயிற்று. அப்புறம் தலைகீழாக நின்றாலும் தெரிந்துகொள்ள முடியாது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிட என்று சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். முதல் முதலாக அவனிடம்தான் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. குழாயை மாட்டிய கை அவனுடையது. அவனுக்கும் ஏதோ இருந்திருக்கும்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எனக்குக் கேக்கணும்" என்றாள். "நீ அவர் நிறுத்தின இடத்துல நிறுத்து. ஏசியைப் போடு. உனக்குத் தோணும்போது மிதி, என்கிட்ட சொல்லாத. கால் எது, வண்டி எதுன்னு நான் உள்ள இருந்து சொல்றேன். என் காது பொய் சொல்லாது."

மறுநாள் வெயில் சாயும் நேரத்துக்கு வந்தான். அவளே ஃபில்டரைத் துவைத்து, அன்றைக்குப் போலவே சொட்டச் சொட்டப் பூசிக் கொடுத்தாள். வண்டி ஜன்னலுக்கு நேராக நின்றது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஏசி ஓடியது. பேட்டரி சீக்கிரம் இறங்கட்டும் என்று விளக்குகளையும் எரியவிட்டான். அந்த வெயிலில் முன்விளக்குகள் எரிய, சத்தமே இல்லாமல் நின்ற வண்டியைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாள்.

முதல் மூச்சு திக்கித் திணறி, இரண்டு துண்டாக வந்தது. "இது வண்டி!" என்று சத்தமாகச் சொன்னாள். நிம்மதியாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது வந்தது. ஹா... என்று ஒரே இழுப்பு. நீளமாக, நிதானமாக, கடைசியில் லேசாக ஒரு விடுவிப்போடு. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "கால்!" என்றாள். சொன்னதற்குப் பிறகுதான் கவனித்தாள், திரும்பி நின்று கரண்டியால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தாள். கை தானாகத் தட்டியிருக்கிறது. வெளியே இன்ஜின் நின்றது.

அடுப்புப் பக்கம் போனாள். பால் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது வந்தது. இரண்டாவதைப் போலவே அச்சு அசலாக, அதே நீளம், அதே கடைசி. இதுதான். அன்றைக்கு வந்த மூன்றாவது இதேதான், இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் அது கால். அப்படியானால் அவர் உயிரோடு இருந்தார், மிதித்தார், அவள் கத்தியதைக் கேட்டுக்கொண்டு போனார். அடுப்பை அணைத்துவிட்டு எப்படி முற்றத்துக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கடையின் முன்பக்கமிருந்து மெக்கானிக் சுற்றிக்கொண்டு வந்தான்.

"மூணாவது நீதானே மிதிச்ச?" என்றாள்.

"நானா? முதல்ல ஒரு தடவை மிதிச்சேன் அண்ணி, அவ்வளவுதான். முன்னாடி யாரோ அளவு குடுக்க வந்து கூப்பிட்டாங்க, போய்ப் பேசிட்டு இப்பதான் வரேன்."

அவள் வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். வண்டி என்று சொன்னது அவன் கால். கால் என்று சொன்னது வண்டி. பாம்புக்காது முதல் தடவையாக ஏமாந்துபோய் நின்றது. அவர் காலைப் படித்துவைத்துக்கொண்டு அது அவரைப் போலவே மூச்சு விடுகிறதா, அல்லது இத்தனை நாளும் அவருடையது என்று அவள் நினைத்ததே அதனுடையதுதானா? மூன்றாவது அவர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து போகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வழியில்லை.

"என் காதால ஒண்ணும் ஆகல. நான் உள்ள உக்காந்து பாக்கறேன்" என்றாள்.

கதவைத் திறந்து, அவர் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நீ போய் ஜன்னல்ல ரெண்டு தட்டு. அப்புறம் அடுப்புகிட்ட நின்னு நான் கத்தினதைக் கத்து."

"அண்ணி, அதை எப்படி நான்..."

"கத்துப்பா."

கதவைச் சாத்தினாள். ஜன்னல் மூடியிருந்தது. ஏசி ஊதியது. அதன்மேல் அந்தக் குழாயின் இழுப்பு, வெளியே கேட்பதைவிட இரண்டு பங்காக, உள்ளே முழுக்க நிரம்பியிருந்தது. யாரோ தோளுக்குப் பின்னால் தூங்குவது போல. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே பார்த்தாள். சமையலறை ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. கம்பி தெரிந்தது, மெக்கானிக்கின் கை தெரிந்தது, கரண்டி இரண்டு தடவை ஏறி இறங்கியது தெரிந்தது. சத்தம் வரவில்லை. துளிகூட வரவில்லை. பிறகு அவன் ஜன்னலை விட்டு விலகிப் போனான். ஜன்னல் காலியாக இருந்தது. அவன் கத்துவதற்காகக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் வெளியே வந்து கதவைத் திறந்தான். "கத்திட்டேன் அண்ணி. ரெண்டு தடவை கத்திட்டேன். கேக்கலையா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருந்தவருக்கு எதுவுமே கேட்டிருக்காது. அவள் சிரித்ததும் கேட்டிருக்காது, கிட என்றதும் கேட்டிருக்காது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளாவது தட்டியது கேட்டது என்று சொல்லியிருக்கிறாரா? உத்தரவு கிடைச்சுது என்றுதான் சொல்வார். அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் கையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறார்.

அழுகை பீறிட்டது. அந்த வார்த்தை அவரைப் போய்ச் சேரவில்லை என்ற ஆறுதலில்தான் முதலில் அழுதாள். அழுதுகொண்டே நிமிர்ந்தபோது எதிரே ஜன்னல் காலியாக இருந்தது. மூன்றாவது தடவை அவர் உயிரோடு இருந்திருந்தால் பார்த்தது இதைத்தான். ஆளில்லாத ஜன்னல், வெறும் கம்பி. அதை நினைத்ததும் அழுகை வேறு அழுகையாகிவிட்டது. மெக்கானிக் என்ன செய்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வண்டி ஹா... என்று ஒரு தடவை நீளமாக இழுத்தது. அவன் கை கதவில் இருந்தது, அவள் கால் பெடலை விட்டுத் தள்ளி இருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் இறங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். அவன் வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்து, ஜன்னலுக்கு முன்னால் முழுசாகத் தெரிகிற மாதிரி நின்று, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இன்ஜின் நின்றது.

"பேட்டரி ஏறிடுச்சு அண்ணி, அதான்" என்றான் மெக்கானிக் முற்றத்திலிருந்து. அவன் குரல் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

"ம்" என்றாள் அவள். "கழட்டிடு. கியர் ஞாபகத்தையும் அழிச்சிடு. நாளைக்குப் பெரிய கண்ணாடி ஒண்ணு போகணும்."

அவன் பானெட்டைத் தூக்கினான். அலுமினியக் குழாய் வெளியே வந்தது, சிவப்புக் கூம்பு எண்ணெய் சொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. பழைய கறுப்புப் பெட்டி தன் இடத்தில் போய் அமர்ந்தது. சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்துப் பார்த்தான். எங்கோ தூரத்தில் ஓடுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். அவள் பாலை மறுபடி சூடாக்கி இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

"வேலையை முடிச்சிட்டு உள்ள வாப்பா, டீ ஆறுது" என்று குரல் கொடுத்தாள். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான், கேட்டதா என்று தெரியவில்லை. அவன் கை துடைத்துக்கொண்டு படியேறி உள்ளே வரும்வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.